அப்பாவின் ஆமென், அம்மாவின் ஆமென்: ஒன்பது நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள், வெள்ளி: ஆக்ஸ்பர்க்

எங்கள் வீட்டில் இரவு ஜெபம் இரண்டு இடங்களில் முடியும். அம்மா கத்தோலிக்கர். தீமையிலிருந்து விடுவிக்கும்படி கேட்டதுமே ஆமென் சொல்லிச் சிலுவை வரைந்துகொள்வார். அப்பா லூத்தரன் சபைக்காரர், அங்கே நிற்கமாட்டார். "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" என்று போய்த்தான் ஆமென் சொல்வார். நடுவில் உட்கார்ந்திருக்கும் நான் சில நாள் அம்மாவோடு முடிப்பேன், சில நாள் அப்பாவோடு.

ஆரம்பமும் வேறுதான். அம்மாவுக்கு "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". அப்பாவுக்கு "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". அம்மா சொல்வது செபம், அப்பா பண்ணுவது ஜெபம். கிறிஸ்தவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்பதைச் சொல்லக்கூட நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது: கத்தோலிக்கருக்கு ஒன்றிப்பு, மற்றவர்களுக்கு ஐக்கியம்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பைபிளை எடுத்து வைக்கும்போது ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு செய்தித்தாள் துண்டு இருந்தது. 1999 நவம்பரில் வெட்டி வைத்தது. ஆக்ஸ்பர்க் என்ற ஜெர்மானிய ஊரில் கத்தோலிக்கரும் லூத்தரன்காரர்களும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள் என்று நாலே வரிச் செய்தி. ஓரத்தில் பென்சிலால் அம்மாவின் பெயரை எழுதியிருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை.

அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்று மதியம் ஆக்ஸ்பர்க் நகரின் புனித அன்னா ஆலயத்துக்குள் நுழைந்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஆலயமாகத் தெரியாது. கடைத்தெருவை ஒட்டி, மற்ற கட்டடங்களோடு சேர்ந்து நிற்கிறது. முன்பு கார்மேல் சபைத் துறவிகளின் மடம். 1518-இல் திருத்தந்தையின் தூதர் கர்தினால் கயத்தான் முன் விசாரணைக்கு வந்த மார்ட்டின் லூத்தர் தங்கியது இங்கேதான். அப்போது அவரும் ஒரு துறவி. பிறகு இந்த ஆலயம் லூத்தரன் ஆலயமாகிவிட்டது. ஆனால் மேற்குப் பக்கத்தில் சலவைக்கல் தளத்தோடு ஒரு சிற்றாலயம் அப்படியே இருக்கிறது. கத்தோலிக்கராகவே வாழ்ந்து 1525-இல் இறந்த பெரும் வணிகர் யாக்கோப் ஃபுக்கர் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. சுற்றிலும் எல்லாம் மாறிய பிறகும் அந்தக் கல்லறையை யாரும் பெயர்த்து வெளியே போடவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

1999 அக்டோபர் 31 அன்று கையெழுத்தானது இந்த ஆலயத்தில்தான். லூத்தர் தன் 95 கருத்துரைகளை வெளியிட்ட அதே அக்டோபர் 31. வத்திக்கான் சார்பில் கர்தினால் எட்வர்ட் காசிடி, உலக லூத்தரன் கூட்டமைப்பின் சார்பில் ஆயர் கிறிஸ்டியான் கிரவுஸ். மனிதன் கடவுள் முன் எப்படி நீதிமானாகிறான் என்பதுதான் பொருள். இதிலும் நமக்கு இரண்டு சொல் உண்டு. அப்பாவின் பைபிளில் "நீதிமானாக்கப்படுதல்", அம்மாவின் விவிலியத்தில் "ஏற்புடையவர் ஆதல்". 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா இரண்டாகப் பிளந்தபோது சண்டையின் நடுவில் இருந்த கேள்வி இது. நம் நற்செயலால் மீட்படைகிறோமா, கிருபையாலா? கூட்டறிக்கை இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொள்வதைச் சொல்கிறது: நம்முடைய தகுதியால் அல்ல, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கிருபையாலேயே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். நற்செயல்கள் அதன் கனியாக வருகின்றன. ஆகவே அந்தக் காலத்தில் ஒருவர்மேல் ஒருவர் போட்ட கண்டனங்கள், இன்று இதில் சொல்லியிருக்கும் போதனைக்குப் பொருந்தாது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசி எட்டிய வரிகள் இவை. அப்பா இறையியல் படித்தவர் இல்லை. அவருக்கு அந்த நாலு வரியில் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எப்போதும் உட்கார்ந்த வரிசை அது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இன்று முடியவில்லை.

இரண்டாம் நாள், சனி: ஆக்ஸ்பர்க்

இன்று பெரிய தெருவின் தென்கோடி வரை நடந்தேன். அங்கே ஒரே இடத்தில் இரண்டு ஆலயங்கள். பின்னால் புனித உல்ரிக், புனித ஆஃப்ரா பேராலயம், கத்தோலிக்கருடையது. 93 மீட்டர் உயரக் கோபுரம். அதன் காலடியில், ஒட்டினாற்போல், சின்னதாக லூத்தரன் ஆலயம். அதற்கும் உல்ரிக் பெயர்தான். தூரத்திலிருந்து பார்க்கையில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை மாதிரி இருக்கிறது.

இப்படி ஒட்டி நிற்பதற்கு இந்த ஊர் நிறையவே விலை கொடுத்திருக்கிறது. 1530-இல் லூத்தரன்காரர்கள் தங்கள் விசுவாச அறிக்கையைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வாசித்தது இங்கே. 1555-இல் இரு தரப்பும் சட்டப்படி இருக்கலாம் என்ற உடன்படிக்கையும் இங்கே. ஆனாலும் 1629 ஆகஸ்ட் 8 அன்று சீர்திருத்த சபையாரின் ஆராதனைக்கு நகரத்தில் தடை வந்தது. முப்பதாண்டுப் போர் முடிந்த பிறகுதான் உரிமை திரும்பியது. நகர ஆட்சியில் இரு தரப்புக்கும் சம பங்கு என்றும் ஆனது. 1650 முதல் அந்த ஆகஸ்ட் 8-ஐயே சமாதானத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்த ஒரு நகரத்துக்கு மட்டும் அன்று அரசு விடுமுறை. முதலில் லூத்தரன்காரர்களின் நன்றித் திருநாளாக இருந்தது, இன்று எல்லாரும் சேர்ந்து கொண்டாடும் நாளாகிவிட்டது.

தடை விழுந்த தேதியையே அவர்கள் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காயம் பட்ட நாளை மறைத்துவிட்டு ஒற்றுமை பேசவில்லை.

இரண்டு ஆலயத்துக்கும் போனேன். பேராலயத்தில் ஒரு வயதான பெண் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து ஆலயத்தில் யாரோ ஆர்கன் பழகிக்கொண்டிருந்தார்கள். வெளியே இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது அந்த ஆர்கன் ஒலி இலேசாகக் கேட்டது.

மூன்றாம் நாள், ஞாயிறு: ரயிலில்

காலையில் புனித அன்னாவில் ஆராதனை. பிறகு நாள் முழுக்க ரயில், ஜெனீவா வந்து சேர இருட்டிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் பைபிளையும், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோவான் 17-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். தம்மவர்கள் ஒன்றாயிருக்க வேண்டும், அதைப் பார்த்து உலகம் நம்ப வேண்டும் என்று இயேசு பாடுபடுவதற்கு முந்தின இரவில் கேட்ட ஜெபம். பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்க அறிஞர்களும் மற்ற சபைகளின் அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தமிழில் செய்தது. அதைச் சொல்லிக் காட்டியபோது அப்பா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா எனக்கு மனப்பாடம் ஆனது பழசுதான்" என்றார்.

நான்காம் நாள், திங்கள்: ஜெனீவா

பழைய நகரத்தின் மேட்டில் புனித பேதுரு பேராலயம். லூத்தருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் பிரசங்கம் செய்த இடம். அவர் நாற்காலி என்று மரத்தாலான ஒரு சின்ன நாற்காலியை வைத்திருக்கிறார்கள். சுவரில் படங்கள் இல்லை, பீடங்கள் இல்லை. 1535-இல் எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள். கத்தோலிக்கத் திருப்பலியும் அந்த வருடத்தோடு நின்றுபோனது.

2022 மார்ச் 5 அன்று, ஏறக்குறைய ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு, இதே ஆலயத்தில் மறுபடியும் திருப்பலி நடந்தது. 2020-இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. யாரும் கேட்டுப் போராடி வாங்கியது இல்லை. சீர்திருத்த சபையார் தாங்களே கத்தோலிக்கரை அழைத்தார்கள். இந்த ஆலயத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அழைப்பு என்று புரியும்.

பக்கத்திலேயே கால்வின் பாடம் நடத்திய சிற்றாலயம். இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு ஸ்காட்லாந்துச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ் அங்கேதான் பிரசங்கம் செய்தார். வந்தேறிகள் தங்கள் மொழியில் ஆராதிக்கட்டும் என்று அப்போதே இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் திரும்பத் திரும்ப நான் கவனிப்பது இது. அடைக்கலம் கேட்டு ஒருவர் வாசலில் நிற்கும்போது சபைகள் கொஞ்சம் தங்களை மறந்துவிடுகின்றன.

சரி, பின்வரிசையைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் அப்பாவின் சபையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அம்மாவின் பங்கில் முன்அனுமதி வாங்கவில்லை. எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுக்கவும் அப்போது யாரும் இல்லை. அதனால் திருச்சபைச் சட்டப்படி அம்மா நற்கருணை வாங்க முடியாமல் போனது. ஆனாலும் ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார். எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது அவர் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி வரும்போது அம்மா மடியில் இருக்கும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்பாவின் சபையில் திருவிருந்து கொடுக்கும் ஞாயிறுகளில் அங்கேயும் வருவார். அங்கே போதகர் அம்மாவுக்குக் கொடுக்க முடியாது என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதன் பிறகு அங்கேயும் பின்வரிசை. இரண்டு பீடங்கள் இருந்தும் அம்மாவுக்குப் பதினோரு வருடம் பந்தி இல்லை. புதிதாக வந்த ஒரு பங்குத்தந்தை விஷயத்தைக் கேட்டு, ஒரே மாதத்தில் கல்யாணத்தைத் திருச்சபை முறைப்படி சரிசெய்துவிட்டார். பதினோரு வருடம் இழுத்தது ஒரு மாத வேலை.

ஆகவே சபைகளின் ஒற்றுமை என்று யாராவது பேசும்போது எனக்கு மாநாடும் தீர்மானமும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கைகள்தான்.

ஐந்தாம் நாள், செவ்வாய்: ஜெனீவா

இன்று உலகத் திருச்சபைகள் மன்றத்தின் அலுவலகம் இருக்கும் ஒன்றிப்பு மையத்துக்குப் போனேன். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். அலுவலகக் கட்டடம் என்றால் அலுவலகக் கட்டடம்தான், நீண்ட நடைகள், கதவுகள். ஆனால் உள்ளே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன், மெத்தடிஸ்ட் என்று அன்றாடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறவர்கள் அங்கே சேர்ந்து ஜெபிக்கிறார்கள்.

மன்றத்தின் சின்னம் கடலில் ஒரு படகு, பாய்மரமாக ஒரு சிலுவை, மேலே "ஒய்க்கூமெனே" என்ற கிரேக்கச் சொல். மனிதர் குடியிருக்கும் உலகம் முழுவதும் என்று பொருள். 1948 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் 147 சபைகள் சேர்ந்து இந்த மன்றத்தைத் தொடங்கின. போர் முடிந்து மூன்றே வருடம். ஒருவரை ஒருவர் குண்டு போட்டு அழித்த நாடுகளின் சபைகள் ஒரே அறையில் உட்கார்ந்தன. இன்று 350-க்கு மேல். கத்தோலிக்கத் திருச்சபை உறுப்பினர் இல்லை. ஆனால் கோட்பாடு குறித்து ஆராயும் ஆணைக்குழுவில் முழு உறுப்பினர். 1965 முதல் கூட்டுப் பணிக்குழு ஒன்றும் இயங்குகிறது. 2018 ஜூனில் மன்றத்தின் 70-ஆம் ஆண்டுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் இங்கேயே வந்தார். வருடந்தோறும் ஜனவரி 18 முதல் 25 வரை நாம் அனுசரிக்கும் ஒன்றிப்பு வாரத்தின் ஜெபப் புத்தகத்தையும் 1968 முதல் இரு தரப்பும் சேர்ந்தே தயாரிக்கின்றன.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஆயர் அசரியா நினைவு வந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழர். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். சுமார் 1,200 பிரதிநிதிகள், பெரும்பாலும் ஐரோப்பியர், அமெரிக்கர். நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று அவர்களைப் பார்த்துக் கேட்டார். மன்றத்தின் வேர் அந்த மாநாட்டில் இருக்கிறது என்பார்கள். வெளியிலிருந்து வந்த மிஷன்கள் ஒரே கிறிஸ்துவை ஆளுக்கொரு பெயர்ப்பலகையோடு அறிவித்ததன் வலி நம் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சபைகள் ஒன்றாவதைப் பற்றிப் பேச 1919-இல் தரங்கம்பாடியில் கூடியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல என்று வெளிப்படையாக எழுதினார்கள். அதன் பிறகு 28 வருடப் பேச்சுவார்த்தை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஆயர் உள்ள சபையும் ஆயர் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றானது அதுவே முதல் தடவை. அதற்காகப் பாடுபட்ட அசரியா 1945 புத்தாண்டு அன்றே இறந்துபோயிருந்தார்.

இன்னொன்றும் குறித்துக்கொண்டேன். 1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மன்றத்தின் சார்பில் கூடிய மாநாடு சபைகளிடம் ஒரு கேள்வி கேட்டது. ஆழமான மனசாட்சி வேறுபாடு பிரிந்து செய்யச் சொல்லும் காரியங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம் சேர்ந்தே செய்ய வேண்டாமா? அதாவது சேர்ந்து செய்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, பிரிந்து செய்வதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும். இதை ஒவ்வொரு சபைக் குழுக் கூட்டத்திலும் உரக்க வாசிக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன். வெள்ள நிவாரணத்துக்கு நாலு சபையும் நாலு வண்டி அனுப்புவதற்கு எந்தக் கோட்பாட்டு வேறுபாடு காரணம்?

ஆறாம் நாள், புதன்: தெய்சே

லியோன் வழியாக ரயில், அப்புறம் பேருந்து. பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் குன்றின்மேல் ஒரு சிற்றூர். ஞாயிறு முதல் ஞாயிறு வரை தங்குவதுதான் இங்கே வழக்கம். எனக்கு நாள் போதாததால் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன்.

1940-இல் சுவிட்சர்லாந்திலிருந்து 25 வயது ரோஜர் ஷுட்ஸ் இந்த ஊருக்குத் தனியாக வந்தார். சீர்திருத்த சபைப் போதகரின் மகன். பிரான்ஸ் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது, எல்லைக்கோடு இங்கிருந்து பக்கம். ஒரு வீட்டை வாங்கி அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். அவர்களில் யூதர்களும் இருந்தார்கள். 1942-இல் ஆபத்து நெருங்கியது, ஜெனீவாவுக்குப் போய்விட்டு 1944-இல் திரும்பினார். 1949 உயிர்ப்புப் பெருவிழாவில் ஏழு பேர் வாழ்நாள் வாக்குறுதி கொடுத்துத் துறவுக் குழுவானார்கள். முதலில் வந்தவர்கள் சீர்திருத்த சபைகளைச் சேர்ந்தவர்கள், பிறகு கத்தோலிக்கரும் சேர்ந்தார்கள். இன்று ஏறத்தாழ முப்பது நாடுகளிலிருந்து வந்த சகோதரர்கள் இருக்கிறார்கள். தங்களுக்கென்று காணிக்கை வாங்குவதில்லை, பரம்பரைச் சொத்து வந்தாலும் ஏழைகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள். மண்பாண்டம் முதலான தங்கள் கைவேலையில்தான் பிழைக்கிறார்கள்.

மணி அடித்தது. ஐந்து மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு நடந்து வந்தார்கள். ஒப்புரவு ஆலயம் 1962-இல் திறக்கப்பட்டது. கட்டியவர்கள் ஜெர்மானிய இளைஞர்கள். தங்கள் நாடு போரில் செய்ததற்கு ஈடாக, அது சேதப்படுத்திய நாடுகளில் உழைத்துக் கொடுக்க வந்தவர்கள். உள்ளே பெரும்பாலும் தரைதான். முன்னால் செம்மஞ்சள் துணிகள் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன, அடுக்கிய செங்கல் கட்டிகளின் பொந்துகளில் விளக்குகள். வெள்ளை அங்கி அணிந்த சகோதரர்கள் நடுவில் மண்டியிடுகிறார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். பத்தாவது தடவையில் அது பாட்டாக இல்லாமல் மூச்சாக ஆகிவிடுகிறது. பிறகு நீண்ட மௌனம். ஆயிரம் பேருக்கு மேல் இருந்தும் யாரும் இருமக்கூட இல்லை.

ஏழாம் நாள், வியாழன்: தெய்சே

காலை ஜெபத்தின் முடிவில் நற்கருணை கொடுக்கிறார்கள். நான் அப்பாவின் சபையில் திடப்படுத்தல் பெற்றவன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், என் கைகளும் மடியில் இருந்தன, நானும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்தில் இருந்தவர் மெல்லத் தோளைத் தொட்டு ஒரு கூடையைக் காட்டினார். நற்கருணை வாங்காதவர்களுக்காக ஆசீர்வதிக்கப்பட்ட ரொட்டித் துண்டுகள். எழுந்து போய் ஒன்றை எடுத்தேன். கட்டைவிரல் நுனியளவுதான் இருக்கும், ஓரம் கொஞ்சம் காய்ந்திருந்தது. இது திருவிருந்து இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி யாரும் பாசாங்கு செய்யவும் இல்லை. சபைகள் இன்னும் ஒரே பந்தியில் உட்காரவில்லை என்ற உண்மையை மறைக்காமலே, உட்கார முடியாதவனை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க இவர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அம்மாவின் பதினோரு வருடத்தில் யாராவது ஒரு தடவை இப்படி ஒரு கூடையை நீட்டியிருந்தால் போதுமே என்று நினைத்ததும் அழுதுவிட்டேன்.

பத்து மணிக்கு ஒரு சகோதரர் வேதபாடம் எடுத்தார். பிறகு ஏழெட்டுப் பேராகப் பிரிந்து மரத்தடியில் பேசினோம். என் குழுவில் போலந்திலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கப் பெண், ருமேனியாவிலிருந்து வந்த ஆர்த்தடாக்ஸ் மாணவி, நெதர்லாந்துக்காரர் இருவர், இத்தாலியிலிருந்து வால்டென்சியன் சபையைச் சேர்ந்த ஓர் இளம்பெண். லூத்தருக்கு மூன்று நூற்றாண்டு முந்திய சபை அது, பல நூற்றாண்டுகள் கொடுமையாகத் துன்புறுத்தப்பட்டது. 2015 ஜூனில் டூரினில் அவர்கள் ஆலயத்துக்கே போய்த் திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டார். அதே வருடக் கடைசியில் வால்டென்சியன் சபையும், இத்தாலியச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பும், சான் எஜீதியோ என்ற கத்தோலிக்கக் குழுமமும் சேர்ந்து அரசோடு ஓர் உடன்படிக்கை செய்தன. லெபனானில் தவித்த சிரிய அகதிகளைக் கள்ளப் படகில் ஏறவிடாமல், முறையான விசாவோடு விமானத்தில் கூட்டிவரும் ஏற்பாடு. 2016 முதல் நடக்கிறது. இறங்கியதும் கைவிடுவதில்லை, வீடு, மொழி, பள்ளிக்கூடம் எல்லாம் இவர்களே பார்க்கிறார்கள். அந்தப் பெண் அதில் தன்னார்வலராக ஒரு வருடம் வேலை செய்தவள். விமான நிலையத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நாங்கள் எந்தச் சபை என்று சொல்ல நேரமே இருக்காது என்றாள்.

முடிக்கும்போது ஆளுக்கு ஆள் தங்கள் மொழியில் கர்த்தருடைய ஜெபம் சொல்லலாம் என்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். போலந்துப் பெண் முதலில் முடித்துவிட்டாள். ருமேனிய மாணவியும் நிறுத்திவிட்டாள். நெதர்லாந்துக்காரர்களும் இத்தாலியப் பெண்ணும் நானும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தோம். ராஜ்யமும் வல்லமையும் மகிமையும். முன்னே முடித்த இருவரும் தலை குனிந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கூடமே அந்த மரத்தடிக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் அதைப் பற்றித்தான் பேச்சு. தங்கள் வழிபாட்டில் அந்தக் கடைசி வரியைக் குருவானவர்தான் சொல்வார், அதனால் நாக்கு தானாக நின்றுவிட்டது என்றாள் ருமேனியப் பெண். எங்கள் திருப்பலியிலும் அது இருக்கிறது, ஆனால் நடுவில் குரு ஒரு மன்றாட்டுச் சொன்ன பிறகு வரும் என்றாள் போலந்துக்காரி. மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. ஆனால் திருத்தூதர்களின் போதனை எனப்படும் ஆதிகாலத் தொகுப்பிலேயே கொஞ்சம் சுருக்கமாக வந்துவிடுகிறது. ஆக, அப்பா ஜெபத்தை நீட்டவும் இல்லை, அம்மா வெட்டவும் இல்லை. சின்ன வயதில் இது எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

எட்டாம் நாள், வெள்ளி: தெய்சே

காலையில் ஊரின் பழைய கல் ஆலயத்துக்கு வெளியே சகோதரர் ரோஜரின் கல்லறைக்குப் போனேன். ஒரு மரச் சிலுவை, செடிகள், வேறொன்றும் இல்லை. 2005 ஆகஸ்ட் 16 மாலை ஜெபத்தில், மக்கள் நடுவில், மனநிலை சரியில்லாத ஒருவர் கத்தியால் குத்தியதில் அவர் இறந்தார். வயது 90. அவர் இடத்துக்கு வந்தவர் கத்தோலிக்கரான சகோதரர் அலோயிஸ். 2023 டிசம்பர் முதல் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வந்த சகோதரர் மத்தேயு பொறுப்பில் இருக்கிறார். சீர்திருத்த சபை, கத்தோலிக்கம், ஆங்கிலிக்கன் என்று மூன்று பேர் வரிசையாக ஒரே குடும்பத்துக்கு மூத்தவர்களாக இருந்திருக்கிறார்கள்.

இரவு, சிலுவையைச் சுற்றி ஜெபம். ஒவ்வொரு வெள்ளியும் இது உண்டு. சிலுவை ஓவியத்தை நடுவில் தரையோடு கிடத்துகிறார்கள். முழங்காலாலேயே நகர்ந்து போய் அதன் மரத்தில் நெற்றியை வைத்து ஜெபிக்கலாம். வரிசை நகர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதுவரை பாட்டு நிற்கவே இல்லை. ஒரே நேரத்தில் ஆறேழு பேர் நெற்றி வைக்கிறார்கள். என் எதிர்ப்பக்கம் யாரோ ஒரு வயதானவர். இரண்டு பேரின் தலைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. மரம் முன்னே வைத்தவர்களின் நெற்றியால் இலேசாகச் சூடாக இருந்தது. எந்தச் சபையாரின் சூடு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னேன், அம்மாவின் பெயரைச் சொன்னேன். பதினோரு வருடம் தடுத்தவர்களின் பெயரையும் சொன்னேன். இதுவரை அது என்னால் முடிந்ததில்லை.

ஒன்பதாம் நாள், சனி: தெய்சே

இன்று கிளம்புகிறேன். விடியற்காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். கூடையைப் பற்றிச் சொன்னேன், ரொட்டித் துண்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. "நல்ல பிள்ளைங்க" என்றார் பிறகு. துண்டுச் செய்தியின் ஓரத்தில் அப்பா அவர் பெயரை எழுதி வைத்ததை இப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். அதற்கு எதுவும் சொல்லவில்லை.

மரத்தடியில் இருவர் எங்களுக்காகக் காத்திருந்ததைச் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

"உங்கப்பா முடிக்கிற வரைக்கும் நானும் அப்படித்தானே இருப்பேன். இப்ப யாரு இருக்கா காத்துக்கிட்டு இருக்க? ராத்திரி தனியாச் சொல்றப்ப என் ஆமென் சொல்லிட்டு, அவரு வரியையும் நானே சொல்லிடுறேன். சொல்லலேன்னா செபம் பாதியில நிக்கிற மாதிரி இருக்கு."

"தினமுமாம்மா?"

"தினமும்தான். அவரு போன அன்னையிலேர்ந்து."

காலை மணி அடிக்கத் தொடங்கியது. அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. கோயில் மணிதானே, போ, நேரத்துக்குப் போ என்று அவரே இணைப்பைத் துண்டித்தார்.